திருவிழாவிலயும் மேளாவிலயும் மண்பாத்திரம், சுடுமண் நகை விக்கறது: குமரி மாவட்டத்துல கடை போடப்போறவங்களுக்கு முழு வழிகாட்டி

மண்சட்டி, விளக்கு, சுடுமண் கம்மல், மாலைன்னு கையால செஞ்சு முதல்தடவையா ஸ்டால் போடப்போறவங்களுக்காக இதை எழுதுறேன். புதுசா வாறவங்க நிறையப்பேரு கைவேலைல நல்ல கெட்டிக்காரங்கதான், செஞ்ச பொருள்ல ஒரு குறையும் இருக்காது, ஆனா வரிசை தப்பிப்போவுது. மூணு மாசம் உக்காந்து கிடைச்சதெல்லாம் செஞ்சு குவிச்சிட்டு அப்புறம் "எந்த மேளாவுக்குப் போலாம்"னு கேக்கறாங்க. அதை அப்படியே திருப்பிப் போடணும். எங்க விக்கப்போறோம்னு முதல்ல முடிவாகணும், அதுக்கப்புறம்தான் மண்ணைக் குழைக்கணும். கீழ உள்ளதும் அந்த வரிசையிலதான் இருக்கு, தாவித்தாவிப் படிக்காம மேல இருந்து வாங்க.

1. முதல்ல இடத்தை முடிவு பண்ணுங்க

நம்ம மாவட்டத்துல கடை போட வாய்ப்புள்ள இடங்களை நான் நாலு வகையா பிரிச்சு வச்சிருக்கேன், ஒவ்வொண்ணுக்கும் வாற ஆளு வேற, வாங்குற பொருளும் வேற.

கோயில், சர்ச் திருவிழா முதல் வகை. சுசீந்திரம் மார்கழித் திருவிழா, மண்டைக்காடு மாசிக்கொடை, கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா மூணும் பெரிய கூட்டம். கோட்டாறு திருவிழா நவம்பர் கடைசில தொடங்கி டிசம்பர் 3 அன்னைக்கு முடியும், கடைசி ரெண்டு நாள்தான் வியாபாரம் உச்சம். மண்டைக்காட்டுக்கு கேரளாவுல இருந்து பெண்கள் கூட்டம் கூட்டமா வருவாங்க, அதனால அங்க மலையாளம் ரெண்டு வார்த்தை தெரிஞ்ச ஆளு கடைல இருக்கணும். திருவிழாவுல மேசை, பந்தல், லைட்டு எதுவும் யாரும் தரமாட்டாங்க, தரைவாடகை மட்டும்தான். திருவிழா இடத்தைக் குத்தகை எடுத்தவர்கிட்ட நேரா போயி இடத்தைப் பாத்து, எத்தனை அடி, எத்தனை நாள், கரண்டுக்குத் தனியா எவ்வளவுன்னு பேசி ஒரு துண்டுச்சீட்டுலயாவது எழுதி வாங்குங்க. வாய்ப்பேச்சா விட்டா ரெண்டாம் நாள் "இந்த ஓரம் எங்களுக்கு"ன்னு இன்னொருத்தர் வந்து நிப்பாரு.

ரெண்டாவது அரசு கண்காட்சிகள். மகளிர் திட்டம் மூலமா சுயஉதவிக்குழுக்களுக்குன்னு நடக்கற விற்பனைக் கண்காட்சி, கல்லூரிகளுக்குள்ள நடக்கற கல்லூரிச் சந்தை, வெளியூர்ல நடக்கற சரஸ் மேளா (சுயஉதவிக்குழுப் பொருளுக்கான பெரிய கண்காட்சி) எல்லாம் இதுல வரும். ஸ்டால் வாடகை இருக்காது, இல்லன்னா கொஞ்சமா இருக்கும். கன்னியாகுமரியிலயே செய்றவங்களுக்கு ஆரம்பிக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிஞ்சு இல்ல, ஏன்னா விக்காம போனாலும் கைநஷ்டம் கொறவு.

மூணாவது கன்னியாகுமரி கடற்கரைப் பக்கம் சுற்றுலா சீசன், நவம்பர்ல இருந்து ஜனவரி வரைக்கும். ஐயப்ப பக்தர்களும் வடநாட்டுக்காரங்களும் ரயில்லயும் பஸ்ஸுலயும் வாறவங்க, பெரிய சட்டியைத் தூக்கிட்டு யாரும் ரயிலேற மாட்டாங்க. இங்க கைக்குள்ள அடங்குற பொருள்தான் போகும்.

நாலாவது திருவனந்தபுரம் பக்கம். ஓணத்துக்கு முந்தின வாரங்கள், அப்புறம் ஆற்றுக்கால் பொங்காலை. பொங்காலைக்கு லட்சக்கணக்கான பெண்கள் தெருத்தெருவா அடுப்பு கூட்டி மண்பானைல பொங்கல் வைக்கிறாங்க, தமிழ்நாட்டுல இருந்து லாரி லாரியா பானை அங்க போவுது. ஆனா அது மொத்த வியாபாரிங்க நிக்கற இடம், ஒரு பானைக்கு கிடைக்கிற லாபம் ரொம்பக் கொறவு. கையால பூவேலை செஞ்ச பானை வச்சிருக்கவங்க அந்த கூட்டத்துக்குள்ள போயி நிக்க வேண்டாம்னுதான் நான் சொல்லுவேன்.

முதல் வருஷம் ஒரு அரசு கண்காட்சி, ஒரு திருவிழா போதும். முடிவு பண்றதுக்கு முந்தின வருஷம் அதே இடத்துக்கு சும்மா போயி சாயங்காலம் முழுக்க நின்னு பாருங்க, திரும்பிப்போறவங்க கைல என்ன பை இருக்குன்னு கவனிங்க. யாருகிட்டயும் கேட்டு கிடைக்காத விவரம் அதுல கிடைக்கும்.

2. பேப்பர் வேலை, ரெண்டு மாசம் முன்னாடியே

அரசு மேளாவுக்கு விண்ணப்பம் போடுற அன்னைக்கு கார்டு தேடக்கூடாது. வேண்டியது இவ்வளவுதான்: ஆதார், பான், உங்க பேருல பேங்க் கணக்கு, உத்யம் பதிவு (சிறுதொழிலுக்கான மத்திய அரசு பதிவு), மத்திய அரசு கைவினைப்பொருள் ஆணையர் அலுவலகம் குடுக்கற கைவினைஞர் அடையாள அட்டை. சுயஉதவிக்குழுல இருந்தா குழுவோட தீர்மான நகலும் சேத்து வச்சிக்கோங்க.

உத்யம் பதிவுக்கு ஒரு பைசா கட்டணம் கிடையாது. அரசு சைட்டு மாதிரியே வேஷம் போட்டு ஆயிரம் ரெண்டாயிரம் கேக்கற சைட்டுங்க இருக்கு, பணம் கேட்டாலே வெளிய வந்துருங்க. கைவினைஞர் அட்டைக்கு நீங்க செய்ற வேலையை நேர்ல காட்டச் சொல்லலாம், அதனால ஒரு பீஸ் பாதி செஞ்ச நிலைல வச்சிருக்கறது நல்லது. நாகர்கோவில் கோணத்துல இருக்கற மாவட்டத் தொழில் மையத்துல தமிழ்நாடு அரசோட கலைஞர் கைவினைத் திட்டம் பத்தியும் கேட்டுட்டு வாங்க, மண்பாண்ட வேலைக்கும் கடன், மானியம் உண்டு.

ஜிஎஸ்டி பத்தி எல்லாரும் பயப்படறாங்க. பொருள் மட்டும் விக்கிறவங்களுக்கு, நம்ம மாநிலத்துக்குள்ள, வருஷ விற்பனை 40 லட்சம் தாண்டினாதான் பதிவு பண்ணணும், அதனால முதல் வருஷம் நமக்கு அந்தக் கவலை இல்ல. ஆனா களியக்காவிளை தாண்டி கேரளாவுல போயி வித்தா அது வெளிமாநில விற்பனை, கணக்கு மாறும். கைவினைப் பொருளுக்குன்னு ஒரு சலுகை இருக்கு, அதுக்கு பான் கார்டு, இ-வே பில்லுன்னு (சரக்கு கொண்டுபோக ஆன்லைன்ல எடுக்கற சீட்டு) நிபந்தனையும் இருக்கு. வண்டி ஏத்துறதுக்கு முன்னாடி ஒரு ஆடிட்டர்கிட்ட போயி கேட்டுட்டு ஏத்துங்க.

நகைக்காரங்க ரெண்டு விஷயம் கட்டாயம் கவனிக்கணும். சிப்பி, சங்கு கோத்து மாலை செய்றது நம்மூர்ல சாதாரணம், ஆனா பவளப்பாறைத் துண்டு, கடல்குதிரை, சில வகை சங்கு இதெல்லாம் 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல வருது, வச்சிருந்தாலே கேஸு. கடற்கரைல பொறுக்கினதுன்னு சொல்லித் தப்பிக்க முடியாது. அதனால சிப்பி வாங்கற கடைல என்ன வகைன்னு பேரு போட்டு பில்லு வாங்குங்க, பேரு தெரியாததை வாங்காதீங்க. இன்னொண்ணு, நாகர்கோவில் வடசேரில செய்ற கோயில் நகைக்கு புவிசார் குறியீடு (அந்த ஊரு பொருளுக்கு மட்டும்தான் அந்தப் பேருன்னு சட்டப் பாதுகாப்பு) இருக்கு. சுடுமண்ணுல அதே டிசைன் செஞ்சிட்டு "வடசேரி கோயில் நகை"ன்னு போர்டு வைக்கக்கூடாது. "சுடுமண்ணுல கோயில் டிசைன்"னு எழுதுங்க, அதுதான் உண்மையும்.

3. என்ன செய்யணும், எவ்வளவு செய்யணும்

இடம் முடிவாச்சுன்னா இது எளுப்பம். திருவிழான்னா கறிச்சட்டி, மீன்சட்டி, கலயம், அகல்விளக்கு, உண்டியல், இதோட கம்மல். கல்லூரிச் சந்தைன்னா முக்கால்வாசி நகைதான், அதுலயும் 100 ரூபாய்க்குள்ள உள்ளது. கடற்கரைன்னா சின்ன விளக்கு, ஃபிரிட்ஜ் காந்தம், கீசெயின், பேக்கெட்டுல போட்ட கம்மல்.

மூணு விலைப்படி இல்லாம போகாதீங்க: 20ல இருந்து 60 ரூபா வரைக்கும் ஒரு செட்டு, 100ல இருந்து 250 வரைக்கும் ஒரு செட்டு, 400க்கு மேல ஒரு நாலஞ்சு பொருள். சின்னது கூட்டத்தை நிறுத்தும், நடுவுல உள்ளது பணம் தரும், பெருசு உங்க கைத்திறனைக் காட்டும். பெருசு ஒண்ணுகூட விக்காம போனாலும் அதைப் பாத்துட்டுத்தான் நடு விலைல உள்ளதை நம்பி வாங்குவாங்க.

எண்ணிக்கைல நகையும் சட்டியும் வேற கணக்கு. கம்மல் வாங்குறவங்களுக்கு தேர்வு பண்ண நிறைய வேணும், 100 ஜோடி விக்கணும்னா 200, 250 ஜோடியாவது மேசைல இருக்கணும். சட்டி அப்படியில்ல, ஒரே மாதிரி பத்து இருந்தாலும் அளவுதான் பாப்பாங்க, 40 விக்கணும்னா 50 கொண்டுபோனா போதும். மிச்ச சட்டியைத் திருப்பி ஏத்துற கூலியும் உடைசலும் லாபத்தைத் தின்னுரும்.

மழையை வச்சு மாசத்தைக் கணக்குப் பண்ணுங்க. நமக்கு ஜூன்ல தென்மேற்கு, அக்டோபர்ல வடகிழக்குன்னு ரெண்டு மழையும் உண்டு, மண்ணு காயவைக்க மத்த மாவட்டத்துக்காரங்களுக்கு இருக்கற நீளமான வெயில் காலம் நமக்குக் கிடையாது. கார்த்திகை விளக்கும் டிசம்பர் சரக்கும் வேணும்னா ஆகஸ்ட், செப்டம்பர்ல கிடைக்கற வெயில்லயே காயவச்சு சுட்டு அடுக்கிரணும். நவம்பர்ல ஈரம் போகாத மண்ணை அவசரமா சூளைல வச்சா உள்ள உள்ள தண்ணி ஆவியாகி வெடிச்சிரும், கூட இருக்கற நல்ல பீஸும் சேந்து போவும்.

4. விக்கறதுக்கு முன்னாடி நீங்களே சோதிச்சுப் பாருங்க

இந்த வேலையைத்தான் அதிகம்பேரு விட்டுடறாங்க. ஒரு சட்டி ஒழுகினா அந்தம்மா அந்த ஊருக்கே சொல்லிருவாங்க.

சட்டியை விரல் மடக்கித் தட்டுங்க. கணீர்னு சத்தம் வந்தா சரி, மொத்து மொத்துன்னு வந்தா எங்கயோ கீறல் இருக்கு இல்லன்னா வேக்காடு பத்தல. அப்புறம் ராத்திரி முழுக்க தண்ணி ஊத்தி வைங்க. வெளிப்பக்கம் லேசா ஈரம் பொங்கி இருந்தா பரவாயில்ல, மண்ணு அப்படித்தான், பானைல தண்ணி குளுந்து இருக்கறதே அதனாலதான். கீழ சொட்டு நின்னா அது சமையலுக்கு ஆகாது, செடிவைக்க தனியா வைங்க.

சமைக்கிற சட்டிக்கு உள்பக்கம் பெயிண்டோ வார்னிஷோ படவே கூடாது. பளபளப்பு கேக்கறாங்கன்னு என்ன கலவைன்னு தெரியாத கிளேஸ் பூசாதீங்க, ஈயம் கலந்தது நிறைய வருது, புளி போட்ட மீன்குழம்புல அது இறங்கும். அழகுக்கு வச்ச பானைல "சமையலுக்கு அல்ல"ன்னு அடியில எழுதியே விடுங்க, சொன்னது மறந்துபோவும், எழுதினது இருக்கும்.

சுடுமண் நகைக்கு சூடு போதுமான்னு பாக்க உடைஞ்ச துண்டு ஒண்ணை தண்ணில ஒருநாள் போட்டு வைங்க. கரைஞ்சு சேறாச்சுன்னா அந்த சூளை மொத்தமும் வேகல, மேல பெயிண்ட் அடிச்சு மறைச்சாலும் வேர்வை பட்டு உதிரும். பெயிண்ட் காய்ஞ்ச பிறகு நனைச்ச வெள்ளைத் துணியால அழுத்தித் தேய்ச்சுப் பாருங்க, நிறம் ஒட்டினா கழுத்துலயும் ஒட்டும். வார்னிஷ் அடிச்சதும் கவர்ல போடாதீங்க, நம்ம ஊரு ஈரக்காத்துல ரெண்டு நாளாவது திறந்து கிடக்கணும், இல்லன்னா கவரோட ஒட்டி உரியும்.

ஹூக்கு விஷயத்துல காசு மிச்சம் பிடிக்காதீங்க. மலிவு ஹூக்குல நிக்கல் இருக்கும், காது புண்ணாகும். கடல்காத்துல கறுத்தும் போகும். சர்ஜிக்கல் ஸ்டீல் ஹூக்கு ஒரு ஜோடிக்கு சில ரூபாதான் கூட. பெரிய ஜிமிக்கி செஞ்சா நீங்களோ வீட்ல ஒருத்தரோ காலைல இருந்து ராத்திரி வரை போட்டுப் பாருங்க, காது இழுத்தா ஜிமிக்கியோட உள்பக்கத்தை இன்னும் குடைஞ்சு எடையைக் குறைக்கணும்.

5. விலை போடுறது

பக்கத்து கடைக்காரர் 80க்கு விக்கிறார்னு நானும் 80ன்னு போடுறதுதான் புதுசா வாறவங்களை ஒரே வருஷத்துல இந்த வேலையை விட வைக்குது. அவரு மொத்தமா வாங்கி விக்கிறவரா இருக்கலாம், அவரு கணக்கு நமக்கு ஆகாது. காகிதம் எடுத்து எழுதுங்க.

ஒரு ஜோடி ஜிமிக்கின்னு வைங்க. மண்ணு 3, ஹூக்கு மணி கம்பி 12, பெயிண்ட் வார்னிஷ் 6, சூளைல பங்கு 5, அட்டையும் கவரும் 6, மொத்தம் 32 ரூபா. உங்க வேலை 40 நிமிஷம், மணிக்கு 90 ரூபான்னு போட்டா 60. ஆச்சா 92. நூத்துல பத்து உடையும், அப்போ நல்லா வந்த 90 ஜோடி உடைஞ்ச பத்தையும் சேத்துச் சுமக்கணும், 92ஐ 0.9 ஆல வகுத்தா 102 வரும். இதுதான் வீட்டு வாசல்ல உங்க அடக்கம்.

இப்போ மேளா செலவு. ரெண்டு நாள் வாடகை 1500, வண்டி 600, சாப்பாடு 400ன்னு வச்சா 2500. ஜிமிக்கியை 180க்கு வித்தா ஒரு ஜோடில 78 நிக்கும். 2500ஐ 78 ஆல வகுங்க, 33 ஜோடி வித்தா மேளா செலவு கழியும், 34ஆவது ஜோடில இருந்துதான் லாபம். இந்த 33ங்கற நம்பர் உங்க கைல இருக்கணும், அப்போதான் வாடகை 4000 கேக்கற இடத்துக்குப் போலாமா வேண்டாமான்னு அஞ்சு நிமிஷத்துல முடிவு பண்ண முடியும். மேல சொன்னதெல்லாம் கணக்கு காட்டறதுக்கான தொகைதான், உங்க செலவைப் போட்டு அதே வழில போங்க.

உங்க கூலியைக் கணக்குல சேக்காம விடாதீங்க. "நான் வீட்ல சும்மா இருக்க நேரத்துலதானே செய்றேன்"னு நிறைய அக்காமார் சொல்லுவாங்க, அப்படி சொல்லி 60 ரூபாய்க்கு ஜிமிக்கி வித்தா கூட செய்ற எல்லாருடைய கூலியும் கீழ போவுது. எனக்கு இதுல ரொம்ப வருத்தம் உண்டு.

6. பேக்கிங்

தக்காளி கிரேட்டு, வைக்கோல், பழைய பேப்பர் மூணும் போதும். சட்டியை ஒண்ணுக்குள்ள ஒண்ணு அடுக்கும்போது நடுவுல பேப்பர், வாய்ப்பக்கம் கீழ கவுத்து வைங்க, மண்சட்டில விளிம்புதான் முதல்ல அடிவாங்கும். கிரேட்டுக்குள்ள ஆடாம இருக்கற அளவுக்கு வைக்கோல் அடைக்கணும், ஒரு கிரேட்டு 15 கிலோவுக்கு மேல வேண்டாம், தூக்குறவர் பொத்துன்னு வைப்பாரு. ஒவ்வொரு கிரேட்டுலயும் வெளிய உள்ள என்ன இருக்குன்னு எண்ணிக்கையோட ஒட்டுங்க. கடை போடும்போது எதைத் திறக்கணும்னு தேடி நிக்க நேரம் இருக்காது.

கஸ்டமருக்குக் குடுக்கற பேக்கிங் தனி. சட்டி வாங்கினவங்க பஸ்ஸுல பிடிச்சிட்டுப் போகணும், அதனால சணல் கயித்துல கைப்பிடி போட்டு கட்டிக் குடுங்க. சட்டி ஆடாம நிக்க அடியில வைக்கற கயிறு பிரிமணை ஒண்ணு கூட வச்சா பத்து ரூபா இருபது ரூபா கூடுதலா அதுலயும் வரும்.

7. வீட்டு முற்றத்துல ஒருதடவை கடை போட்டுப் பாருங்க

ஒதுக்கியிருக்கற அளவை, ஆறடிக்கு நாலடின்னா அதே அளவை, சாக்பீஸால தரைல வரைஞ்சு உள்ள மேசை, சேர், கிரேட்டு எல்லாம் வைங்க. அப்போதான் தெரியும் நீங்க நிக்க இடமே இல்லன்னு. போட்டோ எடுங்க, அன்னைக்கு காலைல அதைப் பாத்து அப்படியே வச்சிரலாம்.

செம்மண் நிறத்துக்கு கீழ வெளுத்த சாக்குத்துணி நல்லா எடுத்துக் காட்டும், சிவப்பு பட்டுத்துணி போட்டா நகை அதுக்குள்ள மறைஞ்சிரும். நகை இடுப்புக்கு மேல, சட்டி தரைல வைக்கோல் மேல. கண்ணாடி ரெண்டு கட்டாயம், ஒண்ணு போதாது, ஒருத்தர் பாத்துட்டே நிக்கும்போது அடுத்தவங்க கம்மலைக் கீழ வச்சிட்டுப் போயிருவாங்க. எல்லாத்துலயும் விலைச்சீட்டு ஒட்டுங்க, விலை கேக்கக் கூச்சப்பட்டே நகர்ந்துபோறவங்க நிறைய. மண்டைக்காடு, திருவனந்தபுரம்னா போர்டு மலையாளத்துலயும் இருக்கணும்.

குழந்தைங்க தொடத்தான் செய்யும். தாழ்வா ஒரு கூடைல சின்ன விளக்கு, மண் விசில், மணின்னு "தொட்டுப் பாக்கலாம்"னு எழுதி வைங்க. பிள்ளை அங்க நின்னா அம்மா மேல உள்ள கம்மலைப் பாப்பாங்க, மேல உள்ளதும் உடையாம இருக்கும்.

திருவிழா வியாபாரம் ராத்திரிதான், ஆறு மணில இருந்து பத்து வரை. வீட்லயும் ராத்திரி லைட்டு போட்டு ஒருதடவை பாருங்க. வெள்ளை டியூப்லைட்டுல சுடுமண் செத்த நிறமா தெரியும், மஞ்சள் வெளிச்சம் குடுக்கற எல்இடி பல்பு ரெண்டு, நீளமான எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், சார்ஜ் லைட்டு ஒண்ணு எடுத்து வைங்க.

8. கடை போடுற காலைல

காத்துதான் முதல் எதிரி. ஆரல்வாய்மொழி கணவாய் வழியா வாற காத்துல பெரிய காற்றாலையே சுத்துது, நம்ம பந்தல் எம்மாத்திரம். பந்தல் காலு ஒவ்வொண்ணுலயும் 20 லிட்டர் தண்ணிக் கேன் நிறைச்சு கட்டுங்க, ஆணி மட்டும் மணல்ல நிக்காது. கடற்கரை மணல்னா மேசைக் காலுக்கு அடியில பலகைத் துண்டு வைக்கணும், இல்லன்னா மத்தியானத்துக்குள்ள ஒருபக்கம் இறங்கிரும். நகையை ஸ்டாண்டுல தொங்கவிட்டா காத்துல மோதி உடையும், சிக்கும், அட்டைல குத்தி சாய்வா வைக்கறதுதான் சரி.

வரிசை இப்படி: முதல்ல பந்தல் கட்டி தார்ப்பாய் மேல போடணும், பிறகு கரண்டு, பிறகு மேசை, சட்டி, கடைசியா நகை. நகையை முதல்ல விரிச்சா பந்தல் கட்டும்போது கம்பு அது மேலதான் விழும். மழை வந்தா ஒரே இழுப்புல மூடுற மாதிரி பிளாஸ்டிக் ஷீட்டை மேசைக்குப் பின்னாலயே சுருட்டிக் கட்டி வைங்க.

ரெண்டு பேராவது வேணும். ஒருத்தர் பேசுவார், ஒருத்தர் கண்ணு மேசைல. தனியா நின்னா சாப்பிடக்கூட போகமுடியாது.

9. வாங்க வாறவங்ககிட்ட

நகையும் சட்டியும் ஒரே கடைல இருந்தாலும் விக்கற நேரம் வேற. சாயங்காலம் உள்ள நுழையும்போது கம்மல் வாங்குவாங்க, சட்டி வாங்க மாட்டாங்க, ராத்திரி முழுக்க யாரு சுமக்கறது. ஆசையா எடுத்துப் பாத்துட்டு "போகும்போது வாறோம்"னு சொல்லிட்டு வேற வழியா போயிருவாங்க. அதனால பாதி பணம் வாங்கிட்டு நம்பர் சீட்டு குடுத்து, அதே நம்பரை சட்டில ஒட்டி தனியா எடுத்து வைங்க, "இஞ்ச இருக்கட்டும் அக்கா, திரும்பும்போது எடுத்துக்கோங்க"ன்னு சொல்லுங்க. சட்டி வியாபாரத்துக்கு இதைவிட உதவின விஷயம் வேற இல்ல.

ஒரு சட்டியோட ஒரு சீட்டு கட்டாயம் குடுங்க, அதுல பழக்கற முறை: ஒருநாள் தண்ணில ஊறப்போடணும், வெயில்ல காயவச்சு உள்ள தேங்காயெண்ணெய் தடவணும், கஞ்சித்தண்ணி ஊத்தி சின்னத் தீயில கொதிக்கவிடணும், ரெண்டு மூணு தடவை இப்படி செஞ்ச பிறகு மீன் வைக்கலாம். சூடா இருக்கும்போது பச்சைத்தண்ணி ஊத்தக்கூடாது, சோப்பு போடக்கூடாது, இண்டக்ஷன் அடுப்புல வைக்க ஆகாது. கேஸ் அடுப்புல மட்டுமே சமைச்சுப் பழகினவங்களுக்கு இது தெரியாது, முதல்நாளே முழுத் தீயில வச்சு கீறல் விட்டுட்டு சட்டி மோசம்னு சொல்லுவாங்க.

பேரம் திருவிழால நடக்கும், கோபப்படாதீங்க. விலையைக் குறைக்காம பொருளைக் கூட்டுங்க, 180 ரூபா ஜிமிக்கி ரெண்டு ஜோடி எடுத்தா ஒரு மூக்குத்தியோ அகல்விளக்கோ சேத்துக் குடுங்க. கடைசி நாள் ராத்திரி பாதி விலைக்கு தள்ளிவிடறதும் வேண்டாம், அடுத்த வருஷம் எல்லாரும் கடைசி ராத்திரிக்குக் காத்திருப்பாங்க. கல்லூரிச் சந்தைல பேரமே வேண்டாம், ஒரே விலைன்னு எழுதி வைங்க, பிள்ளைங்க அதைத்தான் விரும்புறாங்க.

10. பணம்

10, 20, 50 ரூபா நோட்டு ரெண்டாயிரத்துக்காவது மாத்தி இடுப்புப் பைல வைங்க, பெட்டில வேண்டாம். யூபிஐ க்யூஆர் அட்டை ரெண்டு பக்கமும் மாட்டுங்க. கூட்டத்துல நெட்வொர்க்கு படுத்திரும், அதனால வேற கம்பெனி சிம் உள்ள போன் ஒண்ணு கூட இருக்கட்டும். ஸ்க்ரீன்ஷாட் காட்டினா நம்பாதீங்க, உங்க போன்லயோ சவுண்ட் பாக்ஸ்லயோ வந்தாத்தான் பொருள் கை மாறணும், இது யாரையும் சந்தேகப்படறதுக்காக இல்ல, முறைன்னு சிரிச்சிட்டே சொல்லுங்க. ராத்திரி கணக்கு முடிக்கும்போது கையில உள்ளது தனி, யூபிஐ தனி எழுதுங்க, ஆரம்பத்துல போட்ட சில்லறையைக் கழிக்க மறக்காதீங்க.

11. வீட்டுக்கு வந்த மறுநாள்

அன்னைக்கே உக்காந்து மிச்சத்தை எண்ணுங்க, ஒரு வாரம் தள்ளினா எது வித்தது எது உடைஞ்சதுன்னு குழம்பிரும். நோட்டுல நாலு கட்டம்: கொண்டுபோனது, வித்தது, உடைஞ்சது, கேட்டு இல்லாம போனது. இந்த நாலாவதுதான் அடுத்த தடவை என்ன செய்யணும்னு சொல்லும், மூடியோட சட்டி இருக்கா, தயிர் உறை ஊத்த சின்ன கலயம் இருக்கான்னு யாராவது கேட்டா அந்த நிமிஷமே குறிச்சு வச்சிருக்கணும்.

போன் நம்பர் குடுத்துட்டுப் போனவங்களுக்கு மூணு நாளுக்குள்ள ஒரு மெசேஜ் போடுங்க, "சட்டி பழக்கியாச்சா அக்கா"ன்னு கேட்டா போதும், அதுலயே ஆர்டர் வரும். சர்ச் திருவிழால வாங்கினவங்க கல்யாணத்துக்கு நூறு விளக்கு கேக்கறது எல்லாம் இப்படி வாறதுதான். ஆர்டர்னா பாதி முன்பணம் வாங்கிட்டுத்தான் மண்ணைக் குழைக்கணும், பேரு போட்ட விளக்கை வேற யாருக்கும் விக்க முடியாது.

குத்தகைக்காரர்கிட்ட பாக்கி இருந்தா அன்னைக்கே தீர்த்துட்டு அடுத்த வருஷத்துக்கு அதே இடத்தைச் சொல்லி வைங்க. வாங்கினவங்க அடுத்த வருஷம் அதே மூலைலதான் தேடுவாங்க.

கிரேட்டு, தார்ப்பாய், சாக்குத்துணி எல்லாத்தையும் வெயில்ல காயப்போட்டுட்டு உள்ள வைங்க, உப்புக்காத்து பட்ட துணியை அப்படியே மடிச்சா கறை ஏறிரும்.